ஈரத்துணியும் சுழலும் சக்கரமும்

“ஏம்மா, இந்தப் பயிற்சியக் கண்டுபிடிச்ச வெள்ளைக்காரரே நுரையீரல் கெட்டுத்தான் செத்தாராமே? அதைப் போய் எனக்குச் சொல்லித் தர்றீங்களே?”

கேட்டவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். 30 வருடம் பீடி. நாலு படி ஏறினால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். பேரன் செல்போனில் பார்த்துச் சொல்லியிருக்கிறான். 19 வருடமாக நெஞ்சு நோயாளிகளுக்குப் பிசியோதெரபி செய்கிறேன். இப்படி ஒருவரும் கேட்டதில்லை. அவருக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் பிலாட்டீஸ் பயிற்சியை உருவாக்கிய ஜோசப் பிலாட்டீஸின் கதையைத் தேடித்தேடிப் படித்தேன்.

1883 டிசம்பரில், ஜெர்மனியின் நெசவாலை ஊரான மோன்ஷென்கிளாட்பாக்கில் பிறந்தவர். சிறு வயதில் ஆஸ்துமா, ரிக்கெட்ஸ், ருமாட்டிக் காய்ச்சல் என்று மூன்றும் படுத்தியதாகச் சொல்வார்கள். அப்பா ஜிம்னாஸ்டிக்ஸ் பழகியவர். பையனும் அதையே பிடித்துக்கொண்டான், பிறகு குத்துச்சண்டை. இரைப்பு உள்ள பிள்ளையை ‘ஓடாதே, ஆடாதே’ என்று திண்ணையில் உட்கார வைக்கும் வழக்கத்தை இன்றும் தினமும் பார்க்கிறேன். அவர் அப்படி உட்காராத பிள்ளை. எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது அந்த இடத்தில்தான்.

முதல் உலகப் போர் மூண்டபோது அவர் இங்கிலாந்தில் இருந்தார். ஜெர்மானியர் என்பதால் பிடித்து அடைத்தார்கள். கடைசியில் ஐல் ஆஃப் மேன் தீவின் நொக்கலோ முகாம். 20,000 பேருக்கும் மேல் மரக் கொட்டகைகளில் வருடக்கணக்காக முடங்கிக் கிடந்த இடம் அது. அங்கே சக கைதிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். படுக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்காகக் கட்டிலில் ஸ்பிரிங் மாட்டினார் என்றும், அவரிடம் பயின்ற ஒருவரைக்கூட 1918-ன் விஷக்காய்ச்சல் கொண்டுபோகவில்லை என்றும் சீடர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். காய்ச்சல் கதையை நான் என் நோயாளிகளிடம் சொல்வதில்லை. பயிற்சி செய்தால் தொற்று அண்டாது என்று யாராவது நம்பித் தடுப்பூசியைத் தள்ளிப்போட்டால் அந்தப் பாவம் என்னைச் சேரும்.

1926 வாக்கில் நியூயார்க் போனார். எட்டாம் அவென்யூவில் மனைவி கிளாராவோடு பயிற்சிக்கூடம் நடத்தினார். ஜார்ஜ் பாலன்சீன், மார்த்தா கிரஹாம் போன்ற நடனக் கலைஞர்களின் வட்டத்திலிருந்து அடிபட்ட ஆட்டக்காரர்கள் அவரிடம் வந்தார்கள். தன் முறைக்கு அவர் வைத்த பெயர் ‘கன்ட்ராலஜி’. 1945-ல் வந்த புத்தகத்தில் மூச்சுதான் முதல் பாடம். ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதுபோல நுரையீரலிலிருந்து கெட்ட காற்றைச் சொட்டு விடாமல் பிழிந்து வெளியேற்ற வேண்டும் என்பது அவர் கொள்கை.

இந்த இடத்தில்தான் நான் அவரை விட்டு விலகுகிறேன். நுரையீரல் துணி அல்ல. நல்ல ஆரோக்கியம் உள்ளவர் எவ்வளவு முக்கி மூச்சை விட்டாலும் ஒரு லிட்டருக்கு மேல் காற்று உள்ளேயே நிற்கும். நின்றாக வேண்டும், இல்லாவிட்டால் காற்றறைகள் ஒட்டிப்போகும். கண்டக்டர் ஐயாவுக்கு இருப்பது எம்ஃபிசீமா. சிறு மூச்சுக்குழாய்களை நாலு பக்கமும் இழுத்துத் திறந்து வைத்திருக்கும் மீள்தன்மை உள்ள நார்கள் புகையால் அறுந்துவிட்டன. அவர் முக்கி ஊதினால் அந்தக் குழாய்கள் அப்படியே அமுங்கி மூடிக்கொள்ளும். காற்று உள்ளே சிக்கும், நெஞ்சு பீப்பாய்போல உப்பும், உதரவிதானம் தட்டையாகிச் சரியாக வேலை செய்யாது. அவருக்குத் தேவை பிழிவதல்ல. உதட்டைக் குவித்து, சூடான காபியை ஆற்றுவதுபோல மெல்ல விடுவது. குவிந்த உதடு கொடுக்கும் எதிரழுத்தம் குழாய்களைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்திருக்கும்.

பிலாட்டீஸின் புகழ்பெற்ற ‘நூறு’ பயிற்சியையும் அதனால் அப்படியே கொடுப்பதில்லை. மல்லாந்து படுத்து, தலையையும் காலையும் தூக்கி, ஐந்து எண்ணிக்கைக்கு மூச்சை இழுத்து ஐந்துக்கு விட்டு, கையை நூறு முறை அசைப்பது அது. மல்லாந்தாலே திணறுகிறவரை அப்படிப் படுக்க வைக்கலாமா? நாற்காலியில் உட்கார வைத்து, கையசைவைக் குறைத்து, இழுப்பதைப்போல இரண்டு மடங்கு நேரம் விடச் சொல்வேன்.

நெஞ்சு நோய்க்கு உடற்பயிற்சி என்பதே மருத்துவத்துக்குள் தாமதமாகத்தான் வந்தது. ஓய்வு, மேலும் ஓய்வு என்பதுதான் நெடுங்காலச் சட்டம். லண்டன் பிராம்ப்டன் மருத்துவமனையில் 1930-களில் மூச்சுப் பயிற்சி வந்தது. 1960-களில் டென்வரில் தாமஸ் பெட்டி, ஆக்சிஜன் துணையோடு நோயாளிகளை நடக்க வைத்தார். 2015-ல் காக்ரேன் ஆய்வு 65 சோதனைகளில் 3,822 பேரைச் சேர்த்துப் பார்த்தது: நடையும் தசைப் பயிற்சியும் சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) நோயாளியின் மூச்சுத்திணறலைக் குறைக்கின்றன. அறுந்த நார் திரும்ப முளைப்பதில்லை. ஆனால் தொடைத் தசை பலமானால் அதே படிக்கு அது குறைவாகக் காற்றுக் கேட்கும். பிலாட்டீஸ் முறைக்கு என்று உள்ள ஆய்வுகள் சிறியவை. பிரேசிலில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகள் சிலரிடம் மூச்சுத் தசைகள் வலுத்ததைக் கண்டிருக்கிறார்கள். நடைப்பயிற்சியோடு சேர்த்து இதைக் கொடுக்கிறேன். நடைக்குப் பதிலாக அல்ல, இன்ஹேலருக்குப் பதிலாக ஒருபோதும் அல்ல. ‘பிலாட்டீஸ்’ பொதுச் சொல்தான் என்று 2000-ல் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதனால் யாரும் அந்தப் பெயரில் பலகை மாட்டலாம். மாட்டியவருக்கு எம்ஃபிசீமா தெரியுமா என்று கேட்காமல் அந்த வாசலை மிதிக்காதீர்கள்.

கண்டக்டர் ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆமாம், 1967-ல் எம்ஃபிசீமாவில்தான் போனார், சுருட்டுப் பிடிக்கிறவர், ஆனால் 83 வயது வரை வாழ்ந்தவர். ஐயா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “சுருட்டு பிடிச்சாரா” என்று மட்டும் கேட்டார்.

பிலாட்டீஸ் செய்த கருவிகளில் ஒன்று, ஒரு குழலும் அதன் முன்னே ஒரு சிறு சக்கரமும். ஊதினால் சுழலும். அதன் நினைவில் தேர்க்கடையில் ஒரு பிளாஸ்டிக் காற்றாடி வாங்கி வைத்திருக்கிறேன். வேகமாகச் சுற்ற வேண்டாம், நிற்காமல் சுற்றினால் போதும் என்று ஐயா கையில் கொடுத்தேன். முதல் வாரம் மூன்று எண்ணுவதற்குள் நின்றது. போன செவ்வாய்க்கிழமை ஏழு எண்ணினேன், இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.