பந்தும் ஊர்ப் பேரும்

எருக்கலம்பிட்டியில் அஸர் தொழுகை முடிந்தால் பொடியன்களுக்குப் பந்துதான். மணலில் இரண்டு பனைமட்டையை நட்டால் அது கோல். முதலில் துணிப்பந்து. பிறகு கொழும்பிலிருந்து வந்த தோல் பந்து; உள்ளே பிளாடர், மேலே வார் கட்டியது. மழை நாளில் தண்ணி குடித்துக் கல்லாகிவிடும். தலையால் அடித்தவனின் நெற்றியில் வார் பட்ட அடையாளம் இரண்டு நாளைக்கு இருக்கும். மஃரிப் பாங்கு கேட்டால் கோலடிக்கப் போனவனும் நிற்கவேண்டும். பள்ளிக்குப் போகிற வழியில் வாப்பா நின்று, "மகன், போதும். கால கழுவிட்டு வா" என்பார்.

மன்னாரில் உதைபந்தாட்டம் ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதல்ல. பள்ளிமுனை, பேசாலைக் கத்தோலிக்கப் பொடியன்களோடு மோதித்தான் நாங்கள் ஆட்டம் பழகினோம். சண்டையும் வந்ததுண்டு, அடுத்த கிழமை அவர்களே தேடி வருவார்கள். இரு சமூகங்களின் உறவை எழுதுகிற நம் ஆய்வாளர்கள் வியாபாரத்தையும் காணியையும் எழுதுகிறார்கள், மைதானத்தை விட்டுவிடுகிறார்கள். அது பெரிய குறை என்றே நினைக்கிறேன்.

1990 ஒக்டோபர் கடைசியில் அந்த ஆட்டம் நின்றது. விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேறச் சொன்னார்கள். சில நாட்களில் 70,000க்கும் மேற்பட்டோர் ஊரிழந்தோம். தீவு மக்களில் பெருந்தொகையினர் கடல்வழியே கற்பிட்டிக்கு வந்தோம். வள்ளத்தில் ஏறும் அவசரத்தில் உம்மா சட்டி பானையைத் தேடினா, நான் பந்தைத் தேடினேன். "உசிரோட போறமே, அது காணாதா?" என்றா. பந்து திண்ணையிலேயே கிடந்தது.

புத்தளத்தில் முதல் மாதங்களில் யாருக்கும் ஆட மனம் வரவில்லை. பிறகு கிடுகுக் கொட்டில்களுக்குப் பின்னால், தென்னைகளுக்கு நடுவே தொடங்கினோம். அணி பிரித்தது ஊர்ப் பேரில்தான்: எருக்கலம்பிட்டி, தாராபுரம், முசலி. நிவாரண அட்டையில் எல்லோருக்கும் அகதி என்ற ஒரே பேர். 1995இல் கொழும்பில் நடந்த தெற்காசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை 1-0 என்று இந்தியாவை வென்றபோது, ஒரு ரேடியோவைச் சுற்றி முகாமே கூடியிருந்தது. நாட்டுக்காகக் கத்தினோம். அந்த நாட்டில் எங்களுக்கு அப்போது சொந்த முகவரி இல்லை.

2009இல் போர் முடிந்தபின் ஊருக்குப் போய்வரத் தொடங்கினோம். என் மகன் புத்தளத்தில் பிறந்தவன். ஒரு லீவில் எங்கள் பழைய திடலில் ஆடிவிட்டு, காலெல்லாம் மணலோடு வந்தான்.

"எந்தப் பக்கம் ஆடினாய்?" என்று கேட்டேன்.

"புத்தளத்து ஆக்கள் எண்டு எங்கள வேறயா பிரிச்சிட்டாங்க வாப்பா."