சீனி விருந்தும் அதன் விலையும்

விருந்தோம்பலுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்த திருக்குறளை நாள்தோறும் கற்பிப்பவர்கள் நாம். விருந்து என்றதும் நம் மனக்கண்முன் வாழையிலையும் சோறும் கறிவகைகளும் தோன்றும். இனிப்பு இலையின் ஓரத்தில் சிறிதளவே இடம்பெறும். இனிப்பை மட்டுமே பரிமாறி ஒரு முழு விருந்தை நடத்தும் வழக்கம் ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் செழித்திருந்தது. பிறநாட்டுப் பிரபுக்களின் கேளிக்கை நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். அந்த விருந்தின் வரலாற்றைத் தொடர்ந்து சென்றால், அது நம் முன்னோர் வியர்வை சிந்திய கரும்புத் தோட்டத்திலே கொண்டுவந்து விடுகிறது. ஆதலின் அதை அறிந்துகொள்வது நம் கடமையுமாகும்.

பெயரும் பிறப்பும்

உணவுக்குப்பின் உண்ணும் இனிப்பை ஆங்கிலேயர் ‘டெஸர்ட்’ என்பர். ‘மேசையை ஒழித்தல்’ எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது அது. பெருவிருந்து முடிந்து பணியாளர் மேசைகளை ஒழிக்கும் வேளையில், விருந்தினர் நின்றபடியே நறுமணச் சரக்குகள் இட்ட மதுவையும் சிறிது இனிப்பையும் உட்கொள்வது பழைய வழக்கம். நாளடைவில் இது தனி விருந்தாக வளர்ந்தது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ‘பாங்க்வெட்’ என்ற சொல் பெரும்பாலும் இந்த இனிப்பு விருந்தையே குறித்தது. அதற்கென்று தனியறையோ, தோட்டத்து மண்டபமோ அமைத்தனர். லாங்லீட் என்னும் மாளிகையில் கூரையின்மேலேயே சிறு சிறு விருந்து மண்டபங்கள் கட்டப்பட்டன. உண்ட களைப்புத் தீர மேலேறிச் சென்று, நாற்புறமும் விரியும் நிலக்காட்சியைக் கண்டுகொண்டே இனிப்பை உண்பார்கள்.

இனிப்புக்கு இத்துணைச் சிறப்பு ஏன்? சீனி அன்று அங்கே கிடைத்தற்கரிய பொருள் என்பதே காரணம். கரும்புச் சாற்றைக் காய்ச்சிப் படிகமாக்கும் கலை இந்தியாவிலே தோன்றியது. நாம் ‘சர்க்கரை’ என வழங்கும் சொல்லின் வடமொழி மூலமே பாரசீகத்திலும் அரபியிலும் புகுந்து, ஐரோப்பிய மொழிகளில் உருமாறி நிலைத்தது. ஐரோப்பாவில் மருந்து விற்பவர்களிடமே சீனியும் கிடைத்தது. அத்தகைய பொருளை விளையாட்டுப் பொம்மையாகச் செய்து மேசைமேல் அடுக்குபவன் தன் செல்வத்தைப் பறையறைந்து சொல்பவனாகிறான்.

விருந்தின் ஏற்பாடு

அவ்விருந்துக்கான ஆயத்தம் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடும். சீமைமாதுளம்பழம் கனியும் பருவத்திலேயே அதைச் சீனியிட்டுக் காய்ச்சிக் கெட்டிப்பாகாக்கிப் பெட்டிகளில் சேமித்து வைப்பார்கள். சீனி கூம்பு வடிவப் பெருங்கட்டியாக வரும். அதை உடைத்து, இடித்து, சலித்தெடுக்க வேண்டும். பன்னீரில் ஊறவைத்த ஒருவகைக் கோந்துடன் அதைப் பிசைந்தால் களிமண்போன்ற மா கிடைக்கும். அந்த மாவை அச்சில் அழுத்திச் சாவி, காலணி, கையுறை, சீட்டுக்கட்டு எனப் பலவும் செய்தனர். உண்ணும் தட்டும் பருகும் கிண்ணமும்கூடச் சீனியாலேயே செய்யப்பட்டன! விருந்தின் முடிவில் அவற்றையும் உடைத்துத் தின்று மகிழ்ந்தனர்.

மெல்லிய மரத்தட்டுகளும் இருந்தன. அவற்றின் ஒருபுறம் வெறுமையாக இருக்கும். இனிப்பை அதில் வைத்து உண்பார்கள். உண்டபின் திருப்பினால் மறுபுறம் வண்ண ஓவியமும் செய்யுளும் காணப்படும். அதை ஒவ்வொருவராகப் படிப்பதோ பாடுவதோ விருந்தின் ஒரு பகுதி. நாவுக்கும் கண்ணுக்கும் செவிக்கும் ஒருங்கே விருந்து!

பரிமாறும் முறையைச் செர்வேஸ் மார்க்கம் என்பார் 1615இல் வெளியிட்ட இல்லத்தரசியர் நூலில் வகுத்துரைத்தார். முதலில் விலங்கு, பறவை போன்ற வடிவில், காட்சிக்காக மட்டுமே செய்த பண்டம் செல்லவேண்டும்; பின்னர்ப் பாதாம் மாப்பண்டம்; அதன்பின் பாகிலிட்ட பழங்கள், மற்ற இனிப்புகள், இறுதியில் பழத்துண்டுகளும் மெல்லிய அப்பங்களும். ஒரே வகைப் பண்டங்கள் இரண்டு அருகருகே அமையலாகாது என்பது அவர் விதி.

இவ்விருந்துகளுள் புகழ்பெற்றது, 1591இல் எலிசபெத் அரசியார்க்கு ஹெர்ட்ஃபோர்டு பிரபு எல்வெதம் என்னுமிடத்தில் அளித்தது. இரவிலே நூறு பேர் தீவட்டி ஏந்திவர, இருநூறு கனவான்கள் ஆயிரம் தட்டுகளைச் சுமந்து வந்தனராம். சீனியாலான கோட்டைகளும் பீரங்கிகளும் போர்வீரர்களும் சிங்கங்களும் அத்தட்டுகளில் அணிவகுத்தன.

மலிவின் மறுபக்கம்

பிரபுக்களின் மாளிகைக்குள் மட்டும் இருந்த இவ்வின்பம் எளியவர் வீட்டுக்கு எவ்வாறு வந்தது? 1640களில் பார்படோஸ் தீவில் ஆங்கிலேயர் கரும்புத் தோட்டங்களைப் பெருக்கினர். அவற்றில் உழைக்க ஆப்பிரிக்க மக்களைப் பிடித்துவந்து அடிமையாக்கினர். வெட்டிய கரும்பை உடனே பிழியாவிட்டால் சாறு கெட்டுவிடும். ஆகையால் அறுவடைக் காலத்தில் ஆலையும் கொப்பரையும் இரவும் பகலும் ஓயவில்லை. களைத்த கை உருளையில் சிக்கினால் அதை வெட்டியெடுக்கக் கோடரி அருகிலேயே வைக்கப்பட்டிருந்தது.

இங்கிலாந்தில் 1700ஆம் ஆண்டளவில் தலைக்கு ஏறத்தாழ 4 பவுண்டாக இருந்த ஆண்டுச் சீனிப் பயன்பாடு, 1800இல் 18 பவுண்டாக உயர்ந்தது. பிரபுவின் சீனிக்கோட்டை மறைந்து, சாதாரண வீட்டின் தேநீர் மேசை அவ்விடத்தைப் பிடித்தது. இனிப்பு மலிந்தது, மனித உயிரும் உடன் மலிந்தது.

விருந்தளிப்போரின் மறுப்பு

இந்நிலையில் 1791இல் வில்லியம் ஃபாக்ஸ் என்பார் சிறு பிரசுரம் ஒன்றை வெளியிட்டார். மேற்கிந்தியச் சீனியை வாங்காதீர் என்பதே அதன் சாரம். அவர் போட்டுக்காட்டிய கணக்கு மிக எளிது. வாரம் 5 பவுண்டு சீனி வாங்கும் குடும்பம் 21 மாதங்கள் அதை நிறுத்தினால், ஒரு மனிதன் அடிமையாவதோ கொல்லப்படுவதோ தடுக்கப்படும் என்றார். சீனியை உண்பவனுக்கும் அக்குற்றத்தில் பங்குண்டு என்ற உண்மையை அக்கணக்கு பாமரனுக்கும் விளங்கவைத்தது. ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் சீனியைக் கைவிட்டதாகத் தாமஸ் கிளார்க்சன் கணித்தார்.

இப்போராட்டத்தில் பெண்களின் பங்கு தலையாயது. வாக்குரிமை அவர்களுக்கு இல்லை. ஆனால் விருந்தினர் முன் எதை வைப்பது என்று முடிவு செய்யும் உரிமை இருந்தது. அதையே ஆயுதமாக்கினர். 1820களில் எலிசபெத் ஹெய்ரிக் என்னும் அம்மையார் லெஸ்டர் நகரில் வீடுவீடாகச் சென்று சீனி மறுப்பை வலியுறுத்தினார். ‘அடிமைகள் செய்யாத கிழக்கிந்தியச் சீனி’ என்று பொறித்த கிண்ணங்கள் மேசைகளில் இடம்பெற்றன. கிழக்கிந்திய வணிகர்க்கு அதில் ஆதாயம் இருந்ததும் உண்மையே.

சீனி மறுப்பு மட்டுமே அடிமைமுறையை ஒழித்தது என்று கூறுதல் பொருந்தாது. அடிமைப்பட்ட மக்களே கிளர்ந்தெழுந்தனர். ஃபாக்ஸின் பிரசுரம் வெளிவந்த அதே 1791இல் பிரெஞ்சுக் குடியேற்றமான செயிண்ட் டொமிங்கில் பெரும்புரட்சி வெடித்தது. 1831இல் ஜமைக்காவிலும் எழுச்சி கண்டது. 1833இல் ஒழிப்புச் சட்டம் நிறைவேறி, அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது.

கரும்பும் நம்மவரும்

அடிமை விடுதலையடைந்தான், கரும்போ வெட்டும் கைக்குக் காத்திருந்தது. அக்கைகளை இந்தியாவில் தேடினர். மொரீஷியசுக்கும் கயானாவுக்கும் பின்னர் நேட்டாலுக்கும் பிஜிக்கும் ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினர். நம் மலாயாவிலும் அதுவே நடந்தது. இன்று செபராங் பிறை எனப்படும் புரோவின்ஸ் வெல்லஸ்லியில் சீனர் முன்னரே கரும்பு பயிரிட்டு வந்தனர். 1840களில் ஐரோப்பியர் பெருந்தோட்டங்களைத் திறந்தனர். நிபோங் திபால், பத்து காவான் வட்டாரங்களில் நாகப்பட்டினத்திலிருந்து வந்த தமிழர் கரும்பு வெட்டினர். ‘சஞ்சிக்கூலி’ என்ற பெயர் அவர்களையே குறித்தது. ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டு ஓடினால் சிறை. இம்முறை இந்நாட்டில் 1910இல் நிறுத்தப்பட்டது. அக்காலத்தை ஒட்டியே கரும்பு இருந்த இடத்தை ரப்பர் பிடித்துக்கொண்டது. நம் மாணவர்கள் தமிழர் வரலாறு பால்மரத்தில் தொடங்கியதென்று எண்ணுகிறார்கள். அதற்கு முன்பே அது கரும்பில் தொடங்கிவிட்டது.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பள்ளியிலே இனிப்பு வழங்கி மகிழ்கிறோம். அது வேண்டியதே, இனிப்பை வெறுக்கச் சொல்வதன்று இவ்வரலாறு. விருந்துக்குத் திட்டமிடும்போது எத்தனை பேர், எத்தனை தட்டு என்று எண்ணுகிறோம். எல்வெதத்துப் பிரபுவும் அதை எண்ணினார். லெஸ்டரின் பெண்களோ, மேசைக்கு வாராத ஒருவனையும் கணக்கில் சேர்த்தனர்: அவனே இனிப்பை விளைவித்தவன். அவன் நம் பாட்டனாகவும் இருந்தான் என்பதை, கையில் இனிப்போடு நிற்கும் பிள்ளைக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பு ஆசிரியராகிய நம்முடையது.