கரையோரக் கோட்டைகள் – 17: கப்பல் வராத கரையில் ஒரு டேனிஷ்காரர்

1706 ஜூலை 9ஆம் தேதி பாதிரியார் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கிய கதையை இந்த வாரம் சொல்வதாக எழுதியிருந்தேன். சொல்லிவிடலாம். அதற்கு முன், துறையூர் வாசகர்கள் சிலர் கேட்ட கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. தரங்கம்பாடியைப் பார்க்க எந்த மாதம் போகலாம் என்கிறார்கள்.

வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, அப்புறம் பொறையாறு தாண்டினால் கடல். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு முன்பு ரயிலே ஓடியது. 1986இல் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியது தப்பு என்பது என் கட்சி. அந்த வழக்கை இன்னொரு நாள் பேசுவோம்.

தை, மாசியில் போனால் சுகம். வெயில் உறைக்காது, கடலும் கோபப்படாது. டேனிஷ்காரர்களின் டேன்ஸ்போர்க் கோட்டையின் மேல்தளத்தில் நின்று குழந்தைகளோடு படம் எடுத்துக்கொண்டு வரலாம். சித்திரை, வைகாசியில் நடுப்பகலில் மணலில் கால் வைக்க முடியாது. மாலை கடற்காற்று எழுந்த பிறகுதான் கரைக்கு உயிர் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகளும் தொழிலுக்குப் போகாமல் கரையில் கிடக்கும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று. மேற்கிலிருந்து வயல் புழுதியை அள்ளிக்கொண்டு வந்து கடலுக்குள் கொட்டும்.

என்னைக் கேட்டால் ஐப்பசியில் போங்கள் என்பேன். சுற்றுலாக்காரர்கள் அந்தப் பக்கமே வராத மாதம் அது. வாடைக்காற்று வீசும், கடல் சாம்பல் நிறத்தில் எழும்பி எழும்பி விழும். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் எப்படித் தின்றிருக்கும் என்பது அன்றைக்குத்தான் புரியும். இப்போது பாறாங்கல்லைக் கொட்டித் தடுத்து வைத்திருக்கிறார்கள்.

ஐப்பசியைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. பாய்க்கப்பல் காலத்தில் தரங்கம்பாடியில் துறைமுகம் என்று ஒன்று இருந்ததே இல்லை. பாய்க்கப்பல்கள் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் சலங்குப் படகில் அலையைத் தாண்டி வர வேண்டும். வடகிழக்குப் பருவமழை நெருங்கிவிட்டால் எந்தக் கப்பலோட்டியும் இந்தக் கரையோரம் தங்க மாட்டான், நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவான். மறுபடி தை பிறந்து கடல் அடங்கும்வரை கோட்டையில் இருப்பவர்களுக்கு வெளியுலகம் இல்லை. வருஷத்தில் மூன்று மாதம் அப்படி இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். சொந்த நாட்டுக் கப்பல் வருஷக்கணக்கில் வராமலே போனால்?

அங்கேதான் எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே வருகிறார். இந்தத் தொடரை எழுத ஒப்புக்கொண்டதே இவருக்காகத்தான் என்று சொன்னால் ஆசிரியர் கோபித்துக்கொள்வார்.

தஞ்சை ரகுநாத நாயக்கர் 1620இல் டேனிஷ் தளபதி ஓவே கெட்டேயோடு ஒப்பந்தம் செய்துகொண்டது, டென்மார்க் அரசருக்குத் தங்க ஓலை போனது எல்லாம் பழைய அத்தியாயங்களில் வந்துவிட்டன. அதன் பிறகு சரிவு. 1636இல் பொறுப்புக்கு வந்த பெஸ்ஸார்ட் டேனிஷ் கம்பெனிப் பணத்தைத் தன் மடிப் பணமாக நினைத்தவன். ஊர் முழுக்கக் கடன் வைத்தான். போதாக்குறைக்கு 1642இல், வங்காளத்துத் தகராறை வைத்துக்கொண்டு முகலாய சாம்ராஜ்யத்தின் மேலேயே போர் தொடுத்தார்கள்! விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள், ஷாஜகானின் படைக்கு எதிராக. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. கணக்குக் கேட்க வந்த வில்லெம் லேயல் 1644இல்தான் கோட்டைக்குள் நுழைய முடிந்தது. நேர்மையான மனிதர். 1648இல் சொந்த ஆட்களே கலகம் செய்து அவரைத் தள்ளிவிட்டு பவுல் ஹான்சன் கோர்சோரை உட்கார வைத்தார்கள். 1650இல் கோபன்ஹேகனில் கம்பெனியையே கலைத்தாயிற்று. 1655இல் கோர்சோர் நோயில் இறந்தார்.

கோட்டையில் மிஞ்சிய ஒரே டேனிஷ்காரர் கோங்ஸ்பாக்கே. பிரபு வம்சம் கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாத சாதாரண ஆள் என்கிறது பதிவு. கம்பெனி இல்லை, சம்பளம் இல்லை, மேலதிகாரி இல்லை. பக்கத்திலேயே நாகப்பட்டினத்தில் போர்த்துக்கீசியர், 1658இல் அவர்களை விரட்டிவிட்டு உட்கார்ந்த டச்சுக்காரர்கள். கோட்டைச் சாவியை டச்சுக்காரர் கையில் கொடுத்து ஒரு விலை பேசிக்கொண்டு ஊர் திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர் கொடியை இறக்கவில்லை.

அதே 1658ஆம் வருஷத்துக் குளிர்காலத்தில் டென்மார்க்கில் என்ன நடந்தது தெரியுமா? கடல் உறைந்துபோய், அந்தப் பனிக்கட்டி மேலேயே ஸ்வீடன் படை நடந்து வந்து டேனிஷ் தீவுகளுக்குள் புகுந்துவிட்டது. ராஜ்யத்தில் ஒரு பெரிய பகுதியை எழுதிக் கொடுத்துத்தான் அரசர் மூன்றாம் பிரெடெரிக் தப்பித்தார். அப்படி நிரந்தரமாகப் போன நிலத்தில் கோங்ஸ்பாக்கே என்ற ஊரும் அடக்கம். பெயரை வைத்துப் பார்த்தால் நம் ஆள் அந்த ஊர்க்காரராகத்தான் இருக்க வேண்டும். சொந்த ஊர் ஸ்வீடன் வசம், இவரோ ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் வெயிலில் டென்மார்க் கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

தஞ்சையில் அப்போது ரகுநாதரின் மகன் விஜயராகவ நாயக்கர். கப்பம் நின்றுபோனால் எந்த அரசர் சும்மா இருப்பார்? படை வந்தது, முற்றுகை போட்டது, மறுபடி வந்தது. நாயக்கரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாடகை கேட்டவர் அவர். பீஜப்பூர்ப் படை 1659இல் தஞ்சைக்குள்ளேயே புகுந்துவிட்டது, பஞ்சம் வேறு. அவருக்கும் பணம் வேண்டியிருந்தது.

கோங்ஸ்பாக்கே பணத்துக்கு என்ன செய்தார் என்ற இடத்தில்தான் சரித்திர ஆசிரியர்கள் முகம் சுளிக்கிறார்கள். பழைய முகலாயச் சண்டையைச் சாக்காகப் பிடித்துக்கொண்டு வங்கக் கடலில் போன வணிகக் கப்பல்களை மடக்கினார். அந்தச் சரக்கை விற்ற காசில் கோட்டையைப் பழுது பார்த்தார், ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார், கடைசியில் நாயக்கரோடு சமாதானமும் பேசி முடித்தார். வங்காளத்து வணிகனிடம் கேட்டால் பச்சைக் கொள்ளைக்காரன் என்றுதான் சொல்வான். சொல்லட்டும், அவன் சரக்குப் போனது உண்மை. ஆனால் பெஸ்ஸார்ட் திருடியது தன் பைக்கு, இவர் பிடுங்கியது மதிலுக்கு. நான் இவர் பக்கம்.

ஒரே ஒரு டேனிஷ்காரர் என்றால் பீரங்கிக்குத் திரி வைத்தது யார், மதிலுக்குக் கல் சுமந்தது யார், கப்பலில் பாய் இழுத்தது யார்? நம்மவர்களும், இந்தக் கரையிலேயே பிறந்த போர்த்துக்கீசியக் கலப்பினத்தவரும்தான். டென்மார்க்கின் இந்தியக் குடியேற்றம் என்று நூல்கள் எழுதுவதை அந்தப் பதினான்கு வருஷமும் தாங்கிப் பிடித்தது தரங்கம்பாடி ஊர்க்காரர்கள். அவர்கள் பெயர் ஒன்றுகூட நம் கைக்கு வரவில்லை. எனக்கு ஆறாத விஷயம் இது.

வேறு நாட்டுக் கப்பல்கள் வரும்போதெல்லாம் கோங்ஸ்பாக்கே டென்மார்க்குக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். அவர் சொல்லச் சொல்ல யாரோ எழுதியிருக்க வேண்டும். நானும் கோட்டையும் இன்னும் இருக்கிறோம், ஆள் அனுப்புங்கள் என்பதுதான் சாரம். ஒவ்வொரு வருஷமும் தென்மேற்குக் காற்று திரும்பும்போது கடலைப் பார்த்திருப்பார். ஐப்பசி வந்துவிட்டால் அந்த வருஷத்துக் கதவு அடைபட்டது. இப்படி எத்தனை ஐப்பசி! ஒருவழியாகக் கோபன்ஹேகன் நம்பியது. சிவெர்ட் ஆடெலர் தலைமையில் ‘ஃபேரோ’ என்ற போர்க்கப்பல் 1669 மே மாதம் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தது. நீண்ட தனிமை முடிந்தது. தலைவர் பதவியை உறுதி செய்யும் அரசாணையும் அதே கப்பலில் வந்தது. பதினான்கு வருஷம் பார்த்த வேலைக்கு அப்போதுதான் நியமன உத்தரவு!

மறு வருஷமே புதுக் கம்பெனி பிறந்தது. 1673இல், மதுரையை விட்டுத் தலைநகரை நம் திருச்சிக்கு மாற்றிக்கொண்ட சொக்கநாத நாயக்கரின் படை தஞ்சையைப் பிடித்தது. விஜயராகவர் போரில் மாண்டார். தரங்கம்பாடி கைமாறாமல் நின்றது. 1845இல் டேனிஷ்காரர்கள் அதையும் வங்காளத்துச் செராம்பூரையும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றார்கள். விற்பதற்கு ஊர் ஒன்று கையில் இருந்ததே கோங்ஸ்பாக்கே புண்ணியத்தில்தான்.

சீகன்பால்கு இன்னும் கப்பலிலேயே நிற்கிறார். பக்கம் தீர்ந்துவிட்டது. 1655இலேயே கொடி இறங்கியிருந்தால் 1706இல் அவர் வந்திறங்க டேனிஷ் கரை ஏது, தமிழ் அச்சுக்கூடம் ஏது என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். அடுத்த வாரம் கட்டாயம் இறக்கிவிடுகிறேன். தரங்கம்பாடியிலிருந்து கிளம்பி வந்து திருச்சிக் கோட்டைக்குள் 1766இல் கிறிஸ்து ஆலயம் கட்டிய பாதிரியார் சுவார்ட்ஸும் கூடவே வருவார்.

ஐப்பசியில் போகிறவர்கள் புயல் எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், கோட்டை அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை.