ஊரைக் கேட்ட மூவர்

நேபாள வரைபடம் கையில் இருந்தால் பிரித்துக்கொள்ளுங்கள். நடுவே பொக்காரா என்றொரு ஊர். அதற்கு வடக்கே அன்னபூர்ணா சிகரங்கள். உச்சிக்கு ஏற வேண்டாம், சுற்றி நடந்தாலே போதும், கண் நிறைந்துவிடும். அதனால் எழுபதுகளிலிருந்தே வெளிநாட்டுக்காரர்கள் மூட்டை முடிச்சோடு வந்து குவிந்தார்கள். வந்தவருக்குக் குளிக்க வெந்நீர் வேண்டும், சுடச்சுடச் சாப்பாடு வேண்டும். விறகு? அதான் காடு இருக்கே! நேபாளத்தின் தேசிய மலரான லாலிகுராஸ் பூக்கும் மரங்கள் அடுப்புக்குள் போக ஆரம்பித்தன.

காத்மாண்டு அரசாங்கத்துக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். தேசியப் பூங்கா என்று அறிவித்து ராணுவத்தைக் காவலுக்கு நிறுத்துவது. 1976-ல் ராரா ஏரியைச் சுற்றிப் பூங்கா அமைத்தபோது அங்கிருந்த கிராமங்களையே காலி செய்து, தெற்கே வெக்கையான தராய் சமவெளிக்கு அனுப்பிவிட்டார்கள். காலம்காலமாகக் குளிரில் வாழ்ந்த ஜனங்கள்!

1985-ல் மன்னர் பிரேந்திரா, அன்னபூர்ணாவுக்கு ஏதாவது செய்யுங்கள் என்றார். மன்னர் மகேந்திரா இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை மூன்று பேரை அனுப்பியது. இன்றைய பாஷையில் சொன்னால் கன்சல்டன்ட்கள். ஒருவர் மிங்மா நோர்பு ஷெர்பா. எவரெஸ்ட் பக்கத்துக்காரர், சாகர்மாதா பூங்காவின் வார்டனாக இருந்தவர். பூங்கா வந்தால் ஊர்க்காரன் வயிற்றில் என்ன புளி கரையும் என்று அவருக்குத் தெரியாதா? இன்னொருவர் சந்திரா குருங். அன்னபூர்ணா அடிவாரத்து சிக்லெஸ் கிராமத்தில் பிறந்தவர். மூன்றாமவர் பிராட்டன் கோபர்ன் என்ற அமெரிக்கர்.

ஊர் ஊராக நடந்து, கேட்டு, எழுதிக்கொடுத்தார்கள்: பூங்கா வேண்டாம். ஒருவரையும் வெளியேற்ற வேண்டாம். ராணுவமும் வேண்டாம். பயணிகளிடம் கட்டணம் வாங்குங்கள், அந்தப் பணம் அங்கேயே செலவாகட்டும்.

அப்படி ஒரு ஏற்பாட்டுக்குச் சட்டத்திலேயே இடமில்லை! ஆனாலும் 1986-ல் காந்த்ருக் கிராமத்தில் வேலை தொடங்கியது. ஜனங்கள் லேசில் நம்பவில்லை. பூங்காதான் வேறு வேஷத்தில் வருகிறது என்று நினைத்தார்கள். பேசிப் பேசித்தான் கமிட்டிகள் அமைந்தன. சோம்ராங் கிராமத்துக்கு மேலே விறகு எரிக்கத் தடை, மண்ணெண்ணெய்தான். சட்டம் பிறகுதான் திருத்தப்பட்டது. 1992-ல் முறைப்படி அறிவிப்பு, 7,629 சதுர கிலோமீட்டர்.

எல்லாம் சுபம் என்று சொல்லமாட்டேன். நடைபாதையில் விடுதி வைத்திருந்தவன் கையில் காசு புரண்டது. பாதையை விட்டுத் தள்ளி உழுதுகொண்டிருந்தவனுக்கு அந்த அளவுக்குக் கிடைக்கவில்லை.

2006 செப்டம்பரில் நேபாள அரசு இன்னும் ஒரு படி மேலே போனது. கஞ்சன்ஜங்கா பாதுகாப்புப் பகுதி நிர்வாகத்தையே உள்ளூர் மக்களிடம் கொடுத்தது. மிங்மாவும் சந்திராவும் அதற்காகக் கிழக்கே போயிருந்தார்கள். 23-ம் தேதி குன்சா கிராமத்திலிருந்து திரும்பும்போது ஹெலிகாப்டர் மலையில் மோதியது. அதிலிருந்த 24 பேரும் இறந்துபோனார்கள்.