வாள்முனையில் ஒரு திருமணம்



கிறிஸ்தவக் காதல் நாவல் என்றொரு வகை உண்டென்பதை நீங்கள் அறிவீர்கள். சில சபை நூலகங்களில் பிரசங்க நூல்களைக் காட்டிலும் அவையே அதிகம் கைமாறுகின்றன என்பதைப் போதகர்களாகிய நாங்கள் சத்தமாகச் சொல்வதில்லை. 1979-இல் கனடா தேசத்து ஜேனட் ஓக் எழுதிய ‘லவ் கம்ஸ் சாஃப்ட்லி’ உங்களில் பலர் வீட்டில் இருக்கும். புதுவாழ்வு தேடி மேற்கே பயணப்பட்ட இளம்பெண் ஒருத்தி வழியிலேயே கணவனை இழக்கிறாள். ஒதுங்க இடமில்லாமல், மனைவியை இழந்து குழந்தையோடு நிற்கும் ஒருவரைப் பெயரளவுக்கு மணந்துகொள்கிறாள். அன்பு பின்னால் மெல்ல வருகிறது. 1991-இல் பிரான்சின் ரிவர்ஸ் ஓசியா தீர்க்கதரிசியின் குடும்பக் கதையைக் கலிபோர்னியாவின் தங்கவேட்டைக் காலத்துக்குக் கொண்டுபோனார். இப்படிப்பட்ட கதைகள் அமெரிக்கக் கண்டத்தில் நேற்று முளைத்தவை என்றே நாம் எண்ணியிருக்கிறோம்.

ஆனால் பெயரளவுத் திருமணம், ஆளற்ற வனாந்தரம், மறுபடியும் தொடங்கும் வாழ்க்கை, இடையிடையே வாய்விட்டுச் சிரிக்க இடம் ஆகிய யாவும் அமைந்த ஒரு சிறுநூல் கி.பி. 390-ஐ ஒட்டிப் பெத்லகேமில் எழுதப்பட்டது. எழுதியவர், வேதாகமத்தை லத்தீனில் தந்த ஜெரோம். கத்தோலிக்கச் சகோதரர்கள் புனித எரோணிமுஸ் என்று அழைப்பவர். ‘சிறைப்பட்ட துறவி மல்குஸின் வாழ்க்கை’ என்பது நூலின் பெயர். பிரதான ஆசாரியனுடைய ஊழியக்காரனாய்க் கெத்செமனேயில் காதறுபட்ட மல்குஸ் அல்ல இவர். பெயர் மட்டுமே ஒன்று.

கதைக்குள் போகுமுன் கதாசிரியரைச் சற்றுப் பாருங்கள். ஜெரோம் வனாந்தரத்தைத் தூரத்திலிருந்து வருணித்தவர் அல்ல. 374-ஐ ஒட்டி அந்தியோகியாவுக்கு வந்து, அதன்பின் சிரியாவின் கால்கிஸ் வனாந்தரத்தில் சில ஆண்டுகள் தவவாழ்க்கைக்கு முயன்றார். தேள்களும் காட்டுமிருகங்களும் தோழராயிருந்த அந்த இடத்திலும் ரோமாபுரியின் நடனப்பெண்கள் தம் மனக்கண்முன் வந்து நின்றதைப் பிற்பாடு அவரே ஒரு கடிதத்தில் எழுதினார். அந்த நினைவுகளை அடக்க அவர் கண்ட மருந்து எபிரெய இலக்கணம். கிறிஸ்தவரான ஒரு யூதரிடம் மாணவராய் அமர்ந்து, தொண்டையைக் கீறும் அந்த எழுத்துகளை உச்சரிக்கக் கற்றார். பழைய ஏற்பாட்டின் லத்தீன் மொழிபெயர்ப்புக்கு வித்து அங்கேதான் விழுந்தது. ஆகவே அந்த நடனப்பெண்களுக்கும் திருச்சபை சிறிது கடன்பட்டிருக்கிறது என்று சொன்னால் கோபிக்காதீர்கள். முடிவில் அவரை வனாந்தரத்தைவிட்டு விரட்டியவர்கள் பிசாசுகளும் அல்ல, பெண்களும் அல்ல, சக துறவிகளே. திரித்துவத்தைப் பற்றி எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறாய் என்று நாள்தோறும் அவரை விசாரித்து ஓயாமல் தொல்லை கொடுத்தார்கள். அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார்.

அந்நாட்களில் அவருக்கு ஆதரவாயிருந்தவர் அந்தியோகியாவின் எவாகிரியுஸ். அந்நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 30 மைல் தூரத்தில் மரோனியா என்ற சிற்றூர் அவருக்குச் சொந்தமாய் இருந்தது. ஜெரோம் அங்கே ஒரு முதியவரையும், அவரோடு ஒரே வீட்டில் வசித்த, சாகுந்தருவாயிலிருந்த மூதாட்டியையும் கண்டார். இருவரும் ஆலயத்தின் வாசற்படி தேயுமளவுக்கு வந்துபோனார்கள். சகரியாவும் எலிசபெத்தும்தான் என்று சொல்லலாம், ஆனால் நடுவே யோவான் இல்லை. இவர்கள் கணவன் மனைவியா, இரத்த உறவா, ஆவிக்குரிய உறவா என்று ஜெரோம் அக்கம்பக்கத்தாரை விசாரித்தார். நம் ஊரில் என்றால் இந்தக் கேள்விக்கு ஒன்பது பதில்கள் கிடைத்திருக்கும். மரோனியாவிலோ, இருவரும் பரிசுத்தவான்கள் என்று எல்லாரும் ஒரே வாயாய்ச் சொல்லிவிட்டு, கேட்ட கேள்வியை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். ஆகவே ஜெரோம் முதியவரிடமே போனார்.

மல்குஸ் நிசிபிஸ் பக்கத்து விவசாயக் குடும்பத்தின் ஒரே மகன். வம்சம் விளங்க அவன் திருமணம் செய்தே ஆகவேண்டும் என்று தகப்பன் மிரட்டினார், தாய் கொஞ்சினாள். அவனோ துறவியாக ஆசைப்பட்டு வீட்டைவிட்டு ஓடினான். கிழக்கே போனால் பெர்சியர், எல்லையில் ரோமப் படை. மேற்கே திரும்பி, அதே கால்கிஸ் வனாந்தரத்தில் துறவிகளோடு சேர்ந்து, கைவேலை செய்து பிழைத்தான். ஆண்டுகள் சென்றன. தகப்பன் இறந்த செய்தி வந்தது. விதவையான தாயைத் தேற்றவேண்டும், அவளுக்குப்பின் சொத்தை விற்று ஏழைகளுக்கும் மடத்துக்கும் கொடுக்கவேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. கொஞ்சம் தனக்கும் வைத்துக்கொள்ளவேண்டும் என்று தோன்றியதை முதியவர் வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறார். இது பிசாசின் சூழ்ச்சி என்று மடத்தலைவர் கதறினார், காலில் விழுந்து மன்றாடினார். கடைசியில் பிரேதத்தை வழியனுப்புகிறவரைப் போல அவன் பின்னே நடந்தார்.

மடத்தலைவர் அஞ்சியது நடந்தது. பெரோயாவிலிருந்து (பவுல் பிரசங்கித்த பெரோயா அல்ல, இன்றைய அலெப்போ) எதேசாவுக்குப் போகும் பாதையில் கொள்ளைக்குப் பயந்து சுமார் 70 பேர் கூட்டமாய்ச் சென்றார்கள். குதிரைகளிலும் ஒட்டகங்களிலும் வந்த இஸ்மவேலர் எல்லாரையும் பிடித்தார்கள். பங்கு பிரித்தபோது மல்குஸும் ஒரு பெண்ணும் ஒரே எஜமானுக்கு விழுந்தார்கள். அவளுடைய கணவன் வேறொருவனுடைய பங்காய்ப் போனான்.

ஒரு பெரிய ஆற்றைக் கடந்து உள் வனாந்தரத்துக்குக் கொண்டுபோகப்பட்ட மல்குஸுக்கு ஆடு மேய்க்கும் வேலை கிடைத்தது. பாலும் புதிய பாலாடைக்கட்டியும் ஆகாரம். மடத்தில் கற்ற சங்கீதங்கள் துணை. யாக்கோபும் மோசேயும் செய்த வேலைதானே என்று அவன் தேறினான். சொந்த ஊருக்குப் புறப்பட்டுத் தொலைத்த துறவறத்தை அடிமைத்தனத்தில் திரும்பப் பெற்றதாகவே அவனுக்குத் தோன்றியது. மந்தை பெருகியது, எஜமான் மகிழ்ந்தான். நல்ல வேலைக்காரனுக்கு நல்ல வெகுமதி தரவேண்டுமே என்று யோசித்து, அந்தச் சிறைப்பட்ட பெண்ணை அவனுக்கு மனைவியாகக் கொடுத்தான்!

தகப்பன் பேசிய சம்பந்தத்துக்குத் தப்பி வனாந்தரத்துக்கு ஓடியவனுக்கு, வனாந்தரத்தின் நட்டநடுவில் சம்பந்தம் முடிகிறது. இவளுக்குப் புருஷன் உயிரோடிருக்கிறான், கிறிஸ்தவனாகிய நான் இதைச் செய்யலாகாது என்று மல்குஸ் நியாயம் பேசினான். எஜமான் வாளை உருவினான். மல்குஸ் சட்டென்று அப்பெண்ணைப் பற்றிக்கொண்டான். அந்த ஒரு நொடி தாமதித்திருந்தால் தலை போயிருக்கும். ஜெரோம் இந்த இடத்தைச் சிரிக்காமல் எழுதியிருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை. அந்த எஜமானைக் கொடியவன் என்று தீர்ப்பதிலும் நிதானம் வேண்டும். ஜெரோமின் சித்திரம் எல்லைப்புற இனத்தாரைப் பார்த்து அஞ்சிய ரோமரின் சித்திரம். அதற்குள்ளேயே, உழைப்பாளிக்குத் தன் அறிவுக்கெட்டிய மிகச் சிறந்த பரிசைக் கொடுக்க முனைந்த ஒரு மனிதன் தெரிகிறான். மகனிடம் கேளாமல் அவன் நன்மைக்கென்று கல்யாணம் நிச்சயிக்கும் பெரியவர்களை நாமும் அறிவோம்.

இரவாயிற்று. பாதி இடிந்த ஒரு குகைதான் மணவறை. மல்குஸ் தரையில் விழுந்து அழுதான். வாலிபமெல்லாம் காத்த விரதம் தலை நரைக்கும் வயதில் போகிறதே என்று புலம்பி, இருளில் மின்னிய வாளைத் தன் மார்புக்கு நேரே திருப்பினான். தன்னைக் கணவனாக அல்ல, இரத்தசாட்சியாகவே அவள் பெறட்டும் என்று வசனமும் பேசினான். அவள் அவன் காலடியில் விழுந்து, அதுவரை அவனுக்குத் தோன்றாத ஒரு வழியைச் சொன்னாள். கணவனே திரும்பி வந்தாலும் சிறையிருப்பு கற்பித்த கற்பைத் தான் காக்கவிருப்பதாகவும், எஜமான்கள் நம்மைத் தம்பதிகள் என்று எண்ணிக்கொள்ளட்டும், நாம் உடன்பிறந்தாராய் இருப்பதைக் கிறிஸ்து அறிவார் என்றும் சொன்னாள். எளிய யோசனைதான். ஆனால் வாளைக் கையில் பிடித்திருப்பவனுக்கு அது தோன்றாது.

இந்தக் கட்டத்தில்தான் நாம் நிற்கவேண்டும் என்று நினைக்கிறேன், வாசகர்களே. நூலின் நாயகன் துறவி; ஆனால் வாழ்க்கையை மறுபடியும் தொடங்கியவள் அவள். அவன் தன் கதையை அழகாக முடிக்கப் பார்த்தான். நாளைக் காலையில் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டவேண்டும், எஜமாட்டியின் முன் வணங்கி நிற்கவேண்டும் என்கிற கணக்கு அவளிடம் இருந்தது. இழந்தவள் அவளே. அவன் இழந்தது ஒரு சொத்துப் பங்கு. அவள் இழந்தது உயிரோடிருக்கும் கணவனை. விதவையும் இல்லை, மனைவியும் இல்லை என்ற நிலையில் வாழ்கிறவர்களை ஒவ்வொரு போதகனும் தன் சபையில் அறிந்திருக்கிறான். அவர்களுக்கு நாம் பெரும்பாலும் பிரசங்கம் வைத்திருக்கிறோம். இந்தப் பெண்ணோ ஒரே இரவில், ஒரு குகையில், வாழத்தக்க ஓர் ஏற்பாட்டை வைத்திருந்தாள்.

இந்தக் காட்சியின் அச்சு ஜெரோமுக்கு முன்பே கிரேக்கக் காதல் கதைகளில் உண்டு. எபேசு நகரத்துச் செனோபோன் எழுதிய கதையில், சிறைப்பட்ட அந்தியாள் ஓர் ஆட்டிடையனுக்கு மனைவியாய்க் கொடுக்கப்படுகிறாள். அவன் இரங்கி அவள் கற்பைக் காக்கிறான். அந்தக் கதைகளில் காக்கப்பட்ட கற்பு இறுதியில் காதலனிடம் சேரும். ஜெரோம் அதே வண்டியில் வேறு சரக்கை ஏற்றினார்: இங்கே கற்பு கிறிஸ்துவுக்காகக் காக்கப்படுகிறது. அப்படியானால் இது நடந்ததா, புனைந்ததா? முதியவரின் வாயிலிருந்தே கேட்டதாக ஜெரோம் சொல்கிறார். கேட்டதை அவர் படித்திருந்த கதைகளின் சாயலில் சொன்னார் என்று கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

அவர் நோக்கமும் ஒளிவுமறைவானதல்ல. ரோமாபுரியில் ஜொவினியான் என்பவர், ஞானஸ்நானம் பெற்ற கன்னியரும் விதவைகளும் மணமானவர்களும் தகுதியில் சமமே என்று போதித்தார். 393-இல் ஜெரோம் அவருக்கு எழுதிய மறுப்பு திருமணத்தை அத்தனை தாழ்த்திப் பேசியதால், அவருடைய நண்பர் பம்மாகியுஸே வெட்கி, பிரதிகளைத் திரும்பப் பெற அலைந்தார். அப்படிப்பட்டவர் அதற்குச் சில ஆண்டுகளுக்குமுன் பிரமச்சரியத்தைப் புகழ எடுத்த கதை, அவரையும் மீறி ஒரு நல்ல குடும்பத்தின் கதையாகிவிட்டது. ஒருவரையொருவர் காக்கிறார்கள்; முகவாட்டம் கண்டு காரணம் கேட்கிறார்கள்; சேர்ந்து முடிவெடுக்கிறார்கள். அவளுடைய மனவுறுதியைக் கண்டபின் மனைவியைவிட மேலாய் அவளை நேசித்ததாக மல்குஸே சொல்கிறார். திருமணத்தைப் புகழ எழுதிய எத்தனை நூல்களில் இவ்வளவு உண்டு?

மிச்சக் கதையைச் சுருக்குகிறேன். ஒருநாள் மல்குஸ் எறும்புப் புற்றைப் பார்த்து, ஒன்றன் சுமையை ஒன்று தாங்குவதைக் கண்டு, மடத்தை நினைத்து ஏங்கினான். மாலையில் அவன் முகத்தைக் கண்டு அவள் கேட்டாள். இருவரும் தப்பத் துணிந்தார்கள். இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களை அடித்து, தோலைத் துருத்தியாக ஊதி, அதன்மேல் மிதந்து, கால்களையே துடுப்பாக்கி ஆற்றைக் கடந்தார்கள். மூன்றாம் நாள் எஜமான் ஓர் அடிமையோடு ஒட்டகமேறித் துரத்தி வந்தான். இருவரும் ஒரு குகைக்குள் ஓடி, வாயிலை அடுத்த குழியில் பதுங்கினார்கள். வாளோடு நுழைந்த அடிமையை உள்ளே குட்டியோடு கிடந்த பெண்சிங்கம் கவ்வியது. இவ்வளவு நேரம் என்ன செய்கிறான் என்று திட்டிக்கொண்டே நுழைந்த எஜமானுக்கும் அதே கதி. சிங்கம் குட்டியைக் கவ்விக்கொண்டு வெளியேறியது. வாசலில் உணவு மூட்டைகளோடு இரண்டு ஒட்டகங்கள் காத்து நின்றன. பத்தாம் நாள் ரோமப் பாளயத்தை அடைந்தார்கள். ஒட்டகங்களுக்கு நல்ல விலையும் கிடைத்தது.

மடத்தலைவர் அதற்குள் மரித்திருந்தார். மல்குஸ் மீண்டும் துறவிகளோடு சேர்ந்தார். அவளைக் கன்னியரிடம் ஒப்படைத்தார். சகோதரியாகவே நேசித்தேன், ஆனாலும் சகோதரியிடத்தில் போல என்னை நம்பி விடவில்லை என்று முதியவர் சொல்லும் அந்த ஒரு வரி மிக நேர்மையானது. அப்படிப் பிரிந்தவர்கள் மரோனியாவில் ஒரே கூரையின்கீழ் முதுமையைக் கழிக்க எப்படி வந்தார்கள் என்று ஜெரோம் விளக்கவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழித்து, நீதிக்கதைகளால் புகழ்பெற்ற பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபோந்தேன் 1673-இல் இதே கதையைக் கவிதையாக்கினார்.

மீட்பர் வந்த நாள் முதல் தம் காலம்வரை திருச்சபையின் முழு வரலாற்றையும் எழுதப்போவதாகவும், இது அதற்கு முன்னோட்டமான சிறு பயிற்சி மட்டுமே என்றும் ஜெரோம் முன்னுரையில் சொல்லியிருந்தார். அந்தப் பெரிய நூலை அவர் எழுதவேயில்லை. பயிற்சி மட்டும் நமக்கு மிஞ்சியது. அதில் மல்குஸ் என்ற பெயருக்கு அரசன் என்று பொருள் கூறுகிறார், எவாகிரியுஸைக் குறிப்பிடுகிறார், ஊரின் தூரத்தை மைல் கணக்கில் தருகிறார். அந்தப் பெண்ணின் பெயர் எங்கும் இல்லை. கதை முழுவதையும் அவர் முதியவரிடம் கேட்டார். அதே வீட்டில் இருந்த மூதாட்டியிடம் எதையும் கேட்டதாக எழுதவில்லை.