கத்திரி வெயிலும் புளியங்கொட்டையும்

பங்குனியில் உலுக்கிய புளியை ஓடு நீக்கி, நாரெடுத்து, கொட்டை தட்டி, ஒரு வருஷத்துக்கு வேண்டியதை உப்பிட்டுப் பானையில் அடைத்துவைக்கும் காரியம் வீட்டுக்கு வீடு நடந்துகொண்டிருந்த நாட்களில், முற்றத்தின் மூலையில் குவிந்த கொட்டைக்கு உரிமை கொண்டாடியவர்கள் இரண்டு கட்சியினர். வறுத்துத் தின்பதற்கும் பசை காய்ச்சுவதற்கும் பெரியவர்கள் கேட்டார்கள். ஆடுவதற்குக் குழந்தைகள் கேட்டார்கள். சித்திரைக் கடைசியில் கத்திரி பிறந்து, வீதியில் கால் வைக்க முடியாதபடி வெயில் கொளுத்தும்போது, உச்சிப்பொழுது முழுவதும் பிள்ளைகளைக் கூடத்திலேயே இருத்திவைக்க வேண்டிய பொறுப்பு வீட்டுப் பாட்டிமாருடையதாக இருந்ததால், இந்த வழக்கில் தீர்ப்பு பெரும்பாலும் குழந்தைகள் பக்கமே சாய்ந்தது.

கோடை விடுமுறை என்பது நம் சமூகத்தில் அனாதி காலந்தொட்டு வருவதாக எண்ணிக்கொள்கிறோம், அது அப்படியன்று. மணலில் விரல் தேய எழுதி, எண்சுவடியை மாகாணி, அரைக்கால் என்று பின்னத்தோடு மனனம் பண்ணி ஒப்பித்த திண்ணைப் பள்ளிப் பிள்ளைக்கு ஓய்வு அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி வந்ததே அல்லாமல், வெயிலை ஒட்டி மாதக் கணக்கில் வந்ததில்லை. வேனில் வந்ததும் சென்னை ராஜதானியின் அரசாங்கமே மூட்டை முடிச்சுகளோடு உதகமண்டலம் ஏறிய ஆங்கிலேயர் காலத்தில்தான், பள்ளிக்கூடமும் நியாயஸ்தலமும் மே மாதத்தில் கதவடைக்கும் ஏற்பாடு நமக்குப் பழக்கமாயிற்று. விடுமுறை புதியது, அதை நிரப்பிய ஆட்டங்களோ மிகப் பழையன.

அவற்றுள் முதலிடம் பல்லாங்குழிக்கே உரியது. வரிசைக்கு ஏழாக இரண்டு வரிசையில் பதினான்கு குழிகள். வசதியுள்ள வீட்டில் அது மீன் வடிவில் கடைந்த மரப்பலகையாகவோ, கீல் வைத்து மடக்கும் பெட்டியாகவோ, பெண்ணுக்குச் சீராக வந்த பித்தளைத் தட்டாகவோ இருக்கும். இல்லாத வீட்டில் தரையில் குடைந்த குழிகளே போதும். குழிக்கு ஐந்து வீதம் எழுபது கொட்டை. தன் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போய், கை வெறுமையானதும் அதற்கடுத்த குழியை அள்ளி மேலும் செல்ல வேண்டும். அவ்வாறு அள்ள வேண்டிய குழி காலியாயிருந்தால் அதைத் துடைத்து, அதற்கப்பால் உள்ள குழியின் காய்களை எடுத்துக்கொண்டு ஆட்டத்தை எதிராளிக்கு விட வேண்டும். அடுத்தடுத்து இரண்டு குழி காலியானால் எடுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆட்டத்தின் நடுவே எந்தக் குழியிலாவது நான்கு சேர்ந்துவிட்டால் அது ‘பசு’. குழிக்கு உடையவர் அதை உடனே எடுத்துக்கொள்ளலாம். பார்க்காமல் விட்டு, அதன்மேல் ஐந்தாவது விழுந்துவிட்டால் பசு போயிற்று.

இதில் அடங்கிய கணிதத்தை வியக்காமல் இருக்க முடியவில்லை. பெருக்கல் வாய்ப்பாட்டின் முதல் வரியைக்கூட அறியாத ஐந்து வயதுப் பெண், எந்தக் குழியை எடுத்தால் கடைசிக் கொட்டை எங்கே விழும், அங்கிருந்து அள்ளினால் எதிர்வரிசையில் எத்தனையாவது குழி காலியாக நிற்கும் என்பதை, விரலால் தொடாமல் கண்ணாலேயே எண்ணி முடித்துவிடுவாள். தொட்டு எண்ணினால் எதிராளி ஒப்பமாட்டாள் என்பதே அவளுக்கு வாய்த்த பயிற்சி. முதல் ஆட்டத்தில் தோற்றவள் தன்னிடம் எஞ்சிய காய்களைக் கொண்டு எத்தனை குழியை நிரப்ப முடியுமோ அத்தனையை மட்டும் நிரப்பி, மற்றவற்றை மூடிவிட்டு அடுத்த ஆட்டத்தைத் தொடங்குவாள். உள்ளவன் மேலும் உள்ளவனாவதும், இல்லாதவன் சாமர்த்தியத்தால் மீள்வதும் குழந்தைக்கு அங்கே கண்கூடு. இதைக் கற்பிக்கிறோம் என்று எந்தப் பாட்டியும் எண்ணியதாகத் தெரியவில்லை. தூங்கவிடாமல் தொல்லை செய்கிற பேத்தியைச் சமாளிப்பதே அவள் நோக்கம்.

துணைக்கு ஆள் இல்லாதபோது தனியே ஆடும் முறை ஒன்று உண்டு. அதற்குச் சீதைப் பாண்டி என்று பெயர். அசோகவனத்தில் பிராட்டி பொழுது போகாமல் ஆடியது என்பது ஐதிகம். வால்மீகியிலும் கம்பரிலும் இதைத் தேடிப் பயனில்லை. எனினும் சீதை சிறையிருந்ததாகச் சொல்லப்படும் அந்த இலங்கையிலேயே, சித்திரைப் புத்தாண்டில் சிங்களப் பெண்கள் குழிப்பலகையைப் பரப்பி, குன்றிமணியைக் காயாக வைத்து ‘ஒலிந்த கெலிய’ ஆடுகிறார்கள். அதுவும் வேனிலின் ஆட்டமே. (குன்றிமணி கண்ணுக்கு அழகு, மென்றால் விஷம், சிறு குழந்தைகள் கையில் புளியங்கொட்டையே உத்தமம்.) மலாய் நாட்டுக் ‘கொங்காக்’கும் ஆப்பிரிக்காவில் பற்பல பெயர்களில் வழங்கும் குழியாட்டங்களும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. எது தாய், எது சேய் என்ற விவாதத்தில் எனக்கு உற்சாகம் இல்லை; கொட்டையும் குழியும் உள்ள இடமெல்லாம் குழந்தைகளும் இருந்திருக்கிறார்கள்.

ஐந்து கல்லை உருட்டி, ஒன்றை மேலே எறிந்து, அது கீழே வருமுன் மற்றதைப் பொறுக்கும் ஆட்டத்துக்குச் சான்று இன்னும் பழையது. கழற்சிக்காயைக் கொண்டு ஆடியதால் கழங்கு என்று வழங்கிய அது, புறநானூற்றின் 36-ஆம் பாட்டில் ஒரு முற்றுகையின் நடுவே வருகிறது. கருவூரைக் கிள்ளிவளவன் வளைத்துக்கொண்டு காவல்மரங்களை வெட்டுவிக்க, அந்த ஓசையைக் கேட்டும் உள்ளே அடைந்து கிடக்கும் பகைவனோடு பொருவது உனக்கு நாணம் தரும் என்று ஆலத்தூர் கிழார் இடித்துரைக்கிறார். அந்தப் பாட்டில்தான் ஆன்பொருநையின் வெண்மணலில் பொன்னால் செய்த கழங்கை வைத்துச் சிறுமியர் ஆடுகிறார்கள். போர்ப்பாட்டு எழுத வந்த புலவர் ஆற்றங்கரை விளையாட்டுக்கு இடம் ஒதுக்கியதால் நமக்குக் கிடைத்த செய்தி இது.

தாயத்தைப் பற்றி நீளச் சொல்ல வேண்டியதில்லை. ஆடாத வீடு குறைவு. பித்தளைக் கட்டை இல்லையென்றால் சோழி, சோழியும் இல்லையென்றால் மறுபடியும் புளியங்கொட்டைதான். கொட்டையின் ஒரு பக்கத்தைச் சொரசொரப்பான திண்ணைத் தரையில் உள்ளிருக்கும் வெண்மை தெரியும்வரை தேய்க்க வேண்டும். அந்த வேலையிலேயே ஒரு பகல் கழிந்துவிடும். தேய்க்கத் தேய்க்கக் கொட்டை சூடேறும். அதைப் பக்கத்தில் இருப்பவனுடைய தொடையில் வைத்து அழவிடுவதும் ஆட்டத்தில் சேர்ந்ததாகவே பையன்கள் கருதினார்கள்.

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காகப் பெரியவர்கள் விரித்த பரமபத சோபன படம், அந்த இரவு கழிந்தபின் கோடைவரை பரணில் கிடந்து, பிள்ளைகளுக்காக இறங்கிவரும். புண்ணியம் ஏணியாகவும் பாவம் பாம்பாகவும் வரையப்பட்ட அந்தப் படத்தில், பாம்புகளுக்கு அசுரர் பெயர்களைப் படித்துப் படித்தே புராணம் கற்றவர்கள் அநேகர். இந்திய ஆட்டமாகிய இதன் ஆங்கில வடிவம் 1892-இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது; மோட்சமும் நரகமும் தேய்ந்து வெறும் நூறு கட்டமாக அது நம்மிடமே திரும்பி வந்தபோது, பாம்புக்குப் பெயரில்லை. வேகமாக ஆட முடிகிறது என்பது அதன் பெருமை. எனக்குப் பெயருள்ள பாம்பே பிடிக்கிறது.

இந்த ஆட்டங்கள் பலவற்றின் விதிகளை ஏட்டில் ஏற்றியவர்களுள் தேவநேயப் பாவாணர் முதன்மையானவர். ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ என்னும் நூலில் ஆண்பாலார் ஆடுவன, பெண்பாலார் ஆடுவன, இருபாலாரும் ஆடுவன என்றும், பகலாட்டு, இரவாட்டு என்றும் அவர் வகுத்துக் காட்டிய ஒழுங்கு ஆராய்ச்சிக்கு மிகவும் உதவுவது. ஆனால் கத்திரி நாளின் உச்சிப்பொழுதில், தெருவில் கோலிக்கும் கிட்டிக்கும் வழியில்லாமல் கூடத்தில் அடைபட்ட பையன்கள், தங்கைமாரின் பல்லாங்குழிப் பலகைக்கு எதிரில் வந்து உட்கார்ந்து, பசுவைக் கவனிக்காமல் விட்டுத் தோற்றுவிட்டு, குழிகளை எண்ணியதில் மோசம் என்று வாதாடிய நாட்களுக்கு அந்தப் பாகுபாடு செல்லாது.