கொலைக் கதையும் நீதி வேட்கையும்

2020ஆம் ஆண்டில் ஊரடங்கு நிலவிய நாட்களில், நம் காலனிச் சிறுவர் சிறுமியர் கைப்பேசியில் ஒரு விளையாட்டில் மூழ்கிக் கிடந்ததைப் பெற்றோர் பலர் கண்டிருப்பீர்கள். ‘அமாங் அஸ்’ என்பது அதன் பெயர். விண்கலத்தில் செல்லும் குழுவினருள் கொலைகாரன் மறைந்திருப்பான். அவன் யாரென மற்றவர்கள் கண்டறிய வேண்டும். ‘நீதான் கொன்றாய்!’ என்று குழந்தைகள் கூவுவதைக் கேட்டு மனங்கலங்கிய தாய்மாரும் உண்டு. காலம் கெட்டுவிட்டதோ? வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

கொலைக் கதையில் மனம் பற்றுவது இன்று நேற்று வந்த வழக்கமன்று. நம் சிலப்பதிகாரமே ஒரு கொலையை நடுவாகக் கொண்ட காப்பியம் அன்றோ? கோவலன் எவ்வாறு மாண்டான் என்பதில் அங்கு மறைவேதும் இல்லை. தீர விசாரியாமல் ஆணையிட்ட அரசன் விடை கூற வேண்டும் என்பதே கண்ணகியின் வழக்கு.

கொன்றவர் யாரென்பதை இறுதிவரை மறைத்துவைக்கும் முறை பிற்காலத்தது. 1841இல் அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ எழுதிய பாரிஸ் நகரக் கொலைக் கதையை அதன் தொடக்கமாகக் கூறுவர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு போன்றோர் துப்பறியும் நாவலைத் தமிழில் பரப்பினர். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’ 1935இலும் 1951இலும் திரைப்படமாயிற்று. 1952இல் லண்டனில் மேடையேறிய அகதா கிறிஸ்டியின் ‘மவுஸ்ட்ராப்’ என்னும் கொலை நாடகமோ, 2020இல் கொள்ளைநோய் தடுக்கும்வரை இடையறாது நடந்தது. மறு ஆண்டே மீண்டும் தொடங்கிற்று.

தமிழ்த் திரையில் இவ்வகையின் சிகரம் 1954இல் வெளிவந்த ‘அந்த நாள்’. ஏவி.எம். தயாரித்து, எஸ். பாலச்சந்தர் இயக்கிய படம். பாட்டும் கூத்தும் இன்றிப் படமே இல்லை என்றிருந்த நாளில், ஒரு பாட்டும் இல்லாமல் அதை எடுத்தனர். கதாநாயகனாகிய சிவாஜி கணேசன் தொடக்கத்திலேயே சுடப்பட்டு வீழ்வார். பிறகு ஒவ்வொருவர் சொல்லும் சான்றும் ஒவ்வொரு விதமாக இருக்கும். இனிமேல் பார்க்கப்போகும் இளைஞரை எண்ணி, கொன்றவர் யாரென்பதை நான் இங்கே கூறேன். அப்படத்தில் நம்மை இருக்கையில் கட்டிப்போடுவது இரத்தம் அன்று, விசாரணையே.

மெய்யான வாழ்விலோ விடை எளிதில் கிட்டுவதில்லை. 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் பத்திரிகையாசிரியர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதாயினர், 1945இல் ஆயுள் தண்டனையும் பெற்றனர். பாகவதரின் ‘ஹரிதாஸ்’ ஒரே கொட்டகையில் மூன்று தீபாவளி கண்டது; அவரோ சிறையில் இருந்தார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1947இல் இருவரும் விடுதலை பெற்றனர். பாகவதரின் பழைய புகழ் திரும்பவில்லை. லட்சுமிகாந்தனைக் கொன்றவர் யார் என்பதற்கும் இன்றுவரை விடையில்லை. உலகில் கிடைக்காத இந்த விடையைத்தான் மக்கள் கதையில் தேடுகின்றனர் என்பது என் துணிபு.

விளையாட்டும் அவ்வழியே வந்ததுதான். 1983இல் ஜப்பானில் யூஜி ஹோரீ உருவாக்கிய ‘போர்டோபியா’ கொலை வழக்கு விளையாட்டில், ஆடுபவரே துப்பறிவாளராகிச் சாட்சிகளை வினவ வேண்டும். நம் பிள்ளைகள் ஆடிய விளையாட்டிலோ மற்றொரு கூறு உண்டு. எல்லோரும் கூடி வாக்களித்து ஒருவரை வெளியேற்றுவர். பலமுறை, குற்றமற்றவரே வெளியேற்றப்படுவார். உரக்கக் கூவியவன் சொல் வென்றுவிடும்; கோவலன் கதை கைப்பேசியில் மீண்டும் நிகழும்.

ரயில்வே குமாஸ்தாவாகிய நான் நாள்தோறும் புரட்டும் கோப்புகளில், ஓர் ஊழியரின் ஊதிய உயர்வை நிறுத்துவதற்குக்கூட முதலில் சார்ஜ் ஷீட் கொடுத்து, அவர் விளக்கத்தைக் கேட்டாக வேண்டும். ஒரு நாள் என் மகனிடம், “தம்பி, அவனை வெளியேற்றினாயே, அவன் சொல்வதைக் கேட்டாயா?” என்றேன். அவன் விழித்தான். மறுநாள், “அப்பா, இன்றைக்குக் கேட்டோம், அவன் கொல்லவில்லை” என்றான்.

பெற்றோரே, கைப்பேசியைப் பறிப்பதற்கு முன் அக்கேள்வியைக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். கொலைக் கதைகள் இனியும் வாழும். அவற்றைப் படித்தும் பார்த்தும் ஆடியும் நம் மக்கள் விசாரித்துத் தீர்ப்பளிக்கும் பண்பைப் பெறுவராயின், அக்கதைகளால் விளைவது நன்மையே.